மண்ணின் புளிப்பும் மாணவர் கைப் பியூரெட்டும்

(கல்விச் சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசினர் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் பேசுவோர் சமுதாயத்தின் வரலாற்றையும் தலைவர்களின் தியாகத்தையும் எடுத்துரைப்பது வழக்கம். அவற்றை நம்மினும் சிறப்பாகப் பேச வல்லார் பலர் இம்மேடையில் அமர்ந்துள்ளனர். ஆகவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் 'தரம் பார்த்தல்' என்னும் முறையால் மண்ணின் அமிலத்தன்மையை அளப்பது எவ்வாறு என்பதே அப்பொருள். வரலாறு படித்த ஆசிரியருக்கு வேதியியலில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். அரசினர் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றி, வேதியியல் ஆசிரியர்களோடு ஆய்வுக்கூட மேசையருகே நின்று கண்டறிந்தவற்றையே இங்குக் கூறுகிறோம். இவ்விழாவில் இதனைக் கூறுவதன் காரணம் போகப் போக விளங்கும்.

மண் புளிப்பது ஏன்?

நம் முன்னோர் மண்ணை நன்கு அறிந்தவர்கள். கரிசல், செம்மண், வண்டல், களர், உவர் என்று பெயரிட்டு வழங்கியவர்கள். வெண்மை பூத்த நிலத்தைக் கண்டால் உவர் என்பர். நீர் இறங்காமல் இறுகிக் கிடந்தால் களர் என்பர். ஆனால் அமில நிலம் இவ்வாறு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பார்வைக்கு நல்ல செம்மண்ணாகவே இருக்கும், மழையும் பெய்யும், எருவும் இட்டிருப்பர், பயிர் மட்டும் வளராது. 'நிலத்தின் ராசி அப்படி' என்று சொல்லி விட்டுவிடுவர். ராசியன்று, அமிலம்.

மழை மிகுந்த மலைப் பகுதிகளில் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியச் சத்தையும் நீர் ஆண்டுதோறும் அரித்துச் செல்கிறது. அவை நின்ற இடத்தில் ஹைட்ரஜன் அயனியும் அலுமினிய அயனியும் வந்து அமர்கின்றன. தமிழ்நாட்டில் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும், கன்னியாகுமரி மாவட்டத்தின் செம்பொறை மண்ணிலும் இத்தகைய நிலங்களைக் காணலாம். சமவெளியிலுள்ள பெரும்பகுதி நிலங்கள் நடுநிலையிலோ காரத்தன்மையிலோ இருப்பவை.

மழை மட்டுமே காரணமன்று. மனிதன் இடும் உரமும் காரணமாகும். 100 கிலோ அம்மோனியம் சல்பேட் மண்ணில் தோற்றுவிக்கும் அமிலத்தை முறிக்க ஏறத்தாழ 110 கிலோ கால்சியம் கார்பனேட் தேவை என்பது வேளாண் நூல்கள் தரும் கணக்கு. இங்கிலாந்தில் வோபர்ன் என்னுமிடத்தில் 1876-ஆம் ஆண்டு ஒரு பரிசோதனை தொடங்கப்பெற்றது. மணற்பாங்கான அந்நிலத்தில் சுண்ணாம்பே இடாமல் ஆண்டுதோறும் அம்மோனிய உரம் மட்டும் இட்டு வந்த பாத்திகளில், அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே பார்லிப் பயிர் பொய்த்தது. சுண்ணாம்பு இட்ட பாத்திகளில் மீண்டும் விளைந்தது. உரம் போட்டால் விளையும் என்பது பாதி உண்மைதான் என்று உலகம் அப்போது அறிந்துகொண்டது.

மண்ணில் அமிலம் மிகுந்தால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும். வேர் குட்டையாகித் தடிக்கும். இட்ட பாஸ்பரஸ் சத்து பயிருக்குக் கிட்டாமல் மண்ணிலேயே பிணைந்துபோகும். பயறு வகைகளின் வேர் முடிச்சுகள் குன்றும். முட்டைக்கோசில் வேர்வீக்க நோய் பரவும். எனினும் எல்லாப் பயிருக்கும் அமிலம் பகையன்று. தேயிலை அமில மண்ணையே விரும்பும் செடி. ஆகவே அமிலம் உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், எவ்வளவு உண்டு, எப்பயிருக்கு அது தீங்கு என்றும் கேட்க வேண்டும்.

நீர்மட்டமும் ஊற்றும்

பி.எச். என்னும் அளவை இளைஞர்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். டென்மார்க் நாட்டின் சோரன்சன் என்னும் வேதியியலார் 1909-இல் வகுத்த அளவு அது. 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு உயரும். 2015-இல் தொடங்கப்பெற்ற மண்வள அட்டைத் திட்டத்தில் உழவருக்கு வழங்கப்படும் அட்டையில் 12 கூறுகள் குறிக்கப்பெறும், பி.எச். அவற்றுள் ஒன்று.

பி.எச். தெரிந்தால் போதாதா, தரம் பார்த்தல் எதற்கு என்று கேட்கலாம். ஒரு கிணற்றை எண்ணிப் பாருங்கள். எட்டிப் பார்த்தால் தெரிவது நீர்மட்டம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பது ஊற்று. இரண்டு கிணறுகளில் நீர்மட்டம் ஒன்றாகவே இருக்கலாம். இறைக்கத் தொடங்கினால் ஒன்று சிறிது நேரத்தில் வற்றிவிடும். மற்றொன்று இறைக்க இறைக்கச் சுரக்கும். பி.எச். என்பது நீர்மட்டம். களிமண் துகள்களிலும் மட்கிலும் ஒட்டியிருக்கும் அமில இருப்பு ஊற்று. மணற்பாங்கான நிலமும் களிப்பாங்கான நிலமும் பி.எச். 5 என்று ஒன்றுபோல் காட்டினாலும், முன்னதற்குச் சிறிதளவு சுண்ணாம்பு போதும்; பின்னதற்குப் பன்மடங்கு வேண்டும். அந்த ஊற்றை இறைத்து அளப்பதே தரம் பார்த்தல்.

செய்முறை

முதலில் மண் எடுக்கும் முறை. இதில் தவறினால் பின்னர் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் பயனில்லை. வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மரநிழல், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வயலில் வளைந்து வளைந்து நடந்து 10 அல்லது 15 இடங்களில் மண்வெட்டியால் 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு வெட்டி, வெட்டிய பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். அனைத்தையும் ஒன்றாகக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரு பகுதிகளை நீக்கி, இவ்வாறே குறைத்து அரைக் கிலோ அளவிற்குக் கொண்டுவர வேண்டும். பழைய உரச் சாக்கில் போடலாகாது. நிழலில் உலர்த்தி, மரக்கட்டையால் கட்டிகளை உடைத்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக்கொள்ள வேண்டும்.

இம்மண்ணில் 10 கிராம் எடை பார்த்து ஒரு கூம்புக் குடுவையில் இடுக. ஒரு லிட்டர் கரைசலில் 74.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு உள்ளவாறு செய்த நார்மல் கரைசலில் 25 மில்லிலிட்டர் ஊற்றிக் கலக்கி அரைமணி நேரம் வைத்திருந்து வடிகட்டுக. பின்னர் அதே கரைசலை 25 மில்லிலிட்டராக ஐந்து முறை வடிதாளிலுள்ள மண்ணின்மேல் ஊற்றி வடித்து, மொத்தம் 150 மில்லிலிட்டர் சேர்த்துக்கொள்க.

வெறும் நீர் ஊற்றினால் ஆகாதா? ஆகாது. நீர் தன்னில் கரைந்துள்ள அமிலத்தை மட்டுமே கொண்டுவரும். மண் துகளைப் பற்றி நிற்கும் அயனிகளை அசைக்காது. திருவிழாக் கூட்டத்தில் புதிதாக வருவோர் திரளாக நெருக்கும்போது முன்னே நின்றோர் இடம்விட்டு வெளியேறுவதுபோல், பொட்டாசியம் அயனிகள் திரண்டு நெருக்க, ஹைட்ரஜனும் அலுமினியமும் துகளை விட்டு வெளியேறிக் கரைசலுக்கு வருகின்றன.

இனி, தரம் பார்த்தல். ஒரு லிட்டரில் 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டது டெசிநார்மல் கரைசல். ஆனால் சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சும் இயல்புடையது. எடை போட்டதை நம்பி அப்படியே பயன்படுத்தலாகாது. ஒரு லிட்டருக்கு 6.3 கிராம் ஆக்ஸாலிக் அமிலப் படிகம் கரைத்த கரைசலோடு ஒப்பிட்டு அதன் உண்மையான வலிமையை முதலில் உறுதி செய்ய வேண்டும். பிறரை அளக்கும் கோல் முதலில் தான் அளக்கப்பட வேண்டும் என்னும் நீதி இதில் அடங்கியுள்ளது.

வடித்த கரைசலில் பினாப்தலீன் சில துளிகள் இட்டு, பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடை மெல்ல விடுக. இடக்கை பியூரெட்டின் திருகைப் பிடித்திருக்க, வலக்கை குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்கட்டும். விழுந்த இடத்தில் இளஞ்சிவப்புத் தோன்றி மறையும். அலுமினியம் மிகுந்திருந்தால் வெண்மையாக ஒரு கலங்கல் எழும். நிறம் வந்து வந்து போகும். அவசரப்படலாகாது. இறுதியில் ஒரே துளியில் குடுவை முழுவதும் வெளிறிய சிவப்பாகி அரை நிமிடமாவது நிலைத்து நிற்கும். அதுவே முடிவு நிலை. கண்ணைக் கரைசலின் மட்டத்திற்கு நேராக வைத்து அளவைக் குறித்துக்கொள்க. மண் சேராத பொட்டாசியம் குளோரைடு கரைசல் 150 மில்லிலிட்டரையும் இவ்வாறே தரம் பார்த்து, அந்த வெற்று அளவைக் கழித்துவிடுக. புதிதாக 10 கிராம் மண் எடுத்து மறுமுறையும் செய்து, இரண்டும் ஒத்து வருகின்றனவா என்று காண்பது கடமை.

அமிலத்தில் அலுமினியத்தின் பங்கு எவ்வளவு என்று அறியவும் வழியுண்டு. நிறம் நிலைத்த கரைசலில் அமிலம் ஒரு துளி விட்டு நிறம் நீக்கி, 4 சதவீதச் சோடியம் புளோரைடு கரைசல் 10 மில்லிலிட்டர் சேர்த்தால், அலுமினியம் புளோரைடோடு சேர்ந்துகொண்டு தான் பிடித்திருந்த ஹைட்ராக்சைடை விட்டுவிடும். சிவப்பு நிறம் மீண்டும் தோன்றும். அதனை டெசிநார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பார்த்தால் அலுமினியத்தின் அளவு கிட்டும். சோடியம் புளோரைடு நஞ்சு. சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணைக் கெடுக்கும். ஆசிரியர் உடனில்லாமல் இவற்றைத் தொடலாகாது. வாயால் பிப்பெட்டில் உறிஞ்சுதல் அறவே கூடாது.

ஒரு மில்லிலிட்டர், ஒரு டன்

கணக்கு எளிது. 10 கிராம் மண்ணுக்கு டெசிநார்மல் கரைசல் எத்தனை மில்லிலிட்டர் செலவாயிற்றோ, அத்தனை மில்லி சமானம் அமிலம் 100 கிராம் மண்ணில் உள்ளது. மண்ணுக்கு 3.4, வெற்றுக் கரைசலுக்கு 0.2 என்று வந்தால், 3.2 மில்லி சமானம்.

இதனை வயலுக்குக் கொண்டு செல்வோம். ஒரு ஹெக்டேரில் 15 சென்டிமீட்டர் ஆழத்து மேல்மண்ணின் எடை ஏறத்தாழ 20 லட்சம் கிலோ. ஒரு மில்லி சமானம் அமிலத்தை முறிக்க 50 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் வேண்டும். பெருக்கிப் பார்த்தால், 100 கிராமுக்கு ஒரு மில்லி சமானம் அமிலமுள்ள நிலத்துக்கு ஹெக்டேருக்கு ஒரு டன் வருகிறது. அதாவது, பியூரெட்டில் இறங்கும் ஒவ்வொரு மில்லிலிட்டரும் வயலில் ஒரு டன் சுண்ணாம்புக் கல் தூளாகும். நாம் கண்ட மண்ணுக்கு ஹெக்டேருக்கு 3.2 டன், ஏக்கருக்கு ஏறத்தாழ 1,300 கிலோ. நடைமுறையில் இதனை ஒன்றரை மடங்காகவோ இரு மடங்காகவோ உயர்த்துவதும் உண்டு. அதனைப் பயிரும் மண்ணும் அறிந்த வேளாண் அலுவலரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

இளைஞர்களே, இங்கு ஒன்றைக் கவனியுங்கள். பியூரெட்டிலிருந்து விழும் ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். கவனக் குறைவால் ஒரு துளி கூடுதலாக விட்டால் ஏக்கருக்கு 20 கிலோ சுண்ணாம்பு கூடிவிடும். ஒரு மில்லிலிட்டர் தவறினால் 400 கிலோ. அத்தனை மூட்டைக்கும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் பணம் கொடுப்பவர் உழவர். தேர்வில் மதிப்பெண் குறைவது சிறு இழப்பு. நம் கையின் அசட்டையால் ஓர் ஏழையின் பணம் வீணாவது பேரிழப்பு.

திருகைப் பிடித்த கை யாருடையது?

இப்போது நாம் பயின்ற வரலாற்றுக்கு வருகிறோம். மண்ணின் மலட்டுத்தன்மைக்கு அமிலமே காரணம் என்றும், சுண்ணாம்பே மருந்து என்றும் அமெரிக்காவில் வலியுறுத்தியவர் வர்ஜீனியா மாநிலத்தின் எட்மண்ட் ரஃபின். 1832-இல் அதுபற்றி அவர் நூல் வெளியிட்டார். அறிவுத் துறையில் அவர் பணி மெய்யானதே. ஆனால் அவர் அடிமைகளை வைத்திருந்த பண்ணையார். அடிமை முறையை இறுதிவரை ஆதரித்து நின்றவர். சிப்பி கலந்த சுண்ணாம்பு மண்ணைப் பள்ளத்திலிருந்து வெட்டி, சுமந்து, வயலில் பரப்பியோர் அவருடைய அடிமைகள். வேலை அவர்களுடையது, அறிவும் விளைச்சலும் புகழும் உடையவருடையது.

அதே நாட்டில், ஏறத்தாழ 1864-இல், மிசூரி மாநிலத்தில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். பெருமுயற்சியால் அயோவாவில் வேளாண் அறிவியல் பயின்று பட்டம் பெற்று, 1896-இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி கல்வி நிலையத்தில் ஆசிரியரானார். கருவிகள் வாங்கப் பணமில்லை. எறியப்பட்ட புட்டிகளையும் பாத்திரங்களையும் மாணவர்களைக் கொண்டு திரட்டி ஆய்வுக்கூடம் அமைத்தார். 1906-இல் டஸ்கீகியிலிருந்து ஒரு வண்டி புறப்பட்டது. கல்விக்கூடத்துக்கு வர இயலாத கறுப்பின உழவர்களின் ஊர்களுக்கே அது அறிவைக் கொண்டு சென்றது. மண்ணை வெட்டிய கைகளின் வழித்தோன்றல், அம்மண்ணை அளக்கும் கையாகவும் ஆயிற்று. ரஃபினுக்கும் கார்வருக்கும் இடையே உள்ள தொலைவே விடுதலையின் தொலைவு என்று நாம் கருதுகிறோம்.

நம் நிலையும் இதனின் வேறன்று. தலைமுறை தலைமுறையாக உழுததும் நட்டதும் நாம். 'இந்நிலம் இன்னது' என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை பிறரிடம் இருந்தது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரமென்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதனையே. நிலத்தின் உரிமையைக் காப்பது ஒரு போராட்டம். அந்நிலத்தின் குணத்தை நாமே அறிவது மற்றொரு போராட்டம். 'அது விளங்காத மண், வந்த விலைக்குக் கொடுத்துவிடு' என்று ஒருவர் கூறும்போது, 'இதன் குறை இன்னது, தீர்க்க ஆகும் செலவு இவ்வளவு' என்று எண் காட்டி மறுமொழி கூற ஒருவர் நம் வீட்டில் இருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்திலும் இவ்வேறுபாடு நுழைவதைக் கண்டிருக்கிறோம். பள்ளியின் பெயர் வேண்டா. நான்கு மாணவர்க்கு ஒரு பியூரெட். ஒருவன் திருகைப் பிடிப்பான். ஒருவன் அளவைக் குறிப்பான். ஒருவன் கரைசல் ஊற்றுவான். ஒருவன் குடுவை கழுவுவான். ஆண்டு முழுவதும் கழுவுகிறவன் யார் என்று பார்த்தால், அவன் நம் குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளையாக இருந்தான். யாரும் ஆணையிட்டதாகத் தெரியவில்லை. வழக்கம் தானே வழி செய்துகொண்டது. செய்முறைத் தேர்வில் நால்வரும் தனித்தனியே செய்ய வேண்டும். அன்றுதான் முதன்முறையாகத் திருகைத் தொடுபவனின் கை நடுங்காமல் என்ன செய்யும்? கழுவுதல் இழிவன்று, எல்லோரும் முறைவைத்துக் கழுவட்டும். ஆனால் எல்லோரும் முறைவைத்து அளக்கவும் வேண்டும். இதனைக் கண்காணிப்பது ஆசிரியர் கடமை. கேட்டுப் பெறுவது மாணவர் உரிமை. வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் 'இன்று நீ என்ன அளந்தாய்?' என்று வினவுவது பெற்றோர் பொறுப்பு.

தரம் பார்த்தல் என்னும் இம்முறை பிறந்த வரலாறும் நமக்கு ஒன்று உணர்த்துகிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டின் துணி வெளுக்கும் தொழிற்கூடங்களில், வெளுப்புக் கரைசலின் வலிமையை அளந்தறிய வகுத்த முறைகளுள் அது வளர்ந்தது. சரக்கின் தரத்தை விற்பவர் வாய்மொழியால் நம்பாமல் தாமே அளந்து அறிவதற்கு ஏற்பட்ட கலை அது. குடுவையின் முன் சொல்பவர் யார் என்பது செல்லாது. பியூரெட்டில் நிற்கும் எண்ணே செல்லும்.

இளைஞர்களுக்கு

அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியை நிறுவினார். கலையோடு அறிவியலும் அங்குக் கற்பிக்கப்பெற்றது. நம் பிள்ளைகள் எளிதென்று கருதி ஒரே வகைப் படிப்பை நாடுவது போதாது. நாம் கலை பயின்றவர்கள். கலைக் கல்வியைக் குறைத்துக் கூறவில்லை. எனினும் அறிவியல் பிரிவில் இடமிருந்தும் 'நமக்கு வராது' என்று ஒதுங்கும் பிள்ளைகளைக் கண்டு வருந்துகிறோம். பொறுமையும் நேர்மையும் கூர்ந்த பார்வையும் உள்ளவருக்குத் தரம் பார்த்தல் வரும். இம்மூன்றும் நம் பிள்ளைகளிடம் குறைவின்றி உண்டு.

இச்சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். விடுமுறை நாள்களில், பள்ளி வேதியியல் ஆசிரியர்களின் ஒப்புதலோடும் துணையோடும், மேல்நிலை வகுப்பு மாணவரைக் கொண்டு நம் உறவினர் நிலங்களின் மண்ணை எடுத்து அளந்து, ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். அதனை வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக்கூட முடிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். நம் சமவெளி ஊர்களில் பல இடங்களில் அமிலம் இல்லை என்றே முடிவு வரும். அதுவும் ஓர் அறிவே. தேவையற்ற சுண்ணாம்புச் செலவு மிச்சம். களர் நிலமாயின் எவ்வளவு ஜிப்சம் தேவை என்பதையும் தரம் பார்த்தல் முறையாலேயே கணிக்கலாம். கருவி ஒன்றே, கரைசல்தான் வேறு.

இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் பல பிள்ளைகளை எழுத்தறிய வைத்தது. பட்டம் பெற வைத்தது. இனி வரும் ஆண்டுகளில், தம் ஊர் மண்ணைத் தம் கையால் அளந்து, அளந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, எந்த மன்றத்திலும் நிமிர்ந்து நின்று எடுத்துச் சொல்லும் இளைஞர்களையும் அது உருவாக்க வேண்டும். அதற்கு ஆசிரியர்களாகிய நாம் துணைநிற்போம் என்று உறுதிகூறி அமைகிறோம்.